மிழாவுக்காரரின் தூக்கம்

மிழாவு வாசிக்கிறவர் தூங்கிப்போனார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த வாத்தியத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். பெரிய செம்புக் குடம், வாயில் தோல். அதை மரச்சட்டத்துக்குள் இறக்கி நிறுத்தியிருப்பார்கள். வாசிக்கிற நம்பியார் குலத்தவர் அந்தச் சட்டத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து வெறும் கையால் வாசிப்பார். முன்னால் கதை சொல்லும் சாக்கியார். ஓரத்தில் கைத்தாளத்தோடு நங்கியார். சாக்கியார் ஒரு சுலோகத்தைச் சொல்லிவிட்டு அதன் பொருளை விரிக்க ஆரம்பித்தார் என்றால் மிழாவுக்கு வேலை கிடையாது. ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் ஊர்வம்பு, சமையல், அரசியல், ஆற்றுவெள்ளம் என்று சுற்றி வந்து மறுபடி சுலோகத்துக்குள் நுழைவதற்குள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடலாம். கூத்து நடக்கும் கூத்தம்பலத்துக்குள் குளிர்ச்சி, விளக்கெண்ணெய் வாசனை, மதியம் சாப்பிட்ட கோயில் சோறு. மனிதன் என்னதான் செய்வான்?

கல்பாத்தியில் எனக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இந்த விஷயத்தில் ஒரு சட்டமே வைத்திருந்தார். "வாசிக்கறச்சே எவனும் தூங்கமாட்டான்டா. சும்மா இருக்கறச்சேதான் பிடிச்சுக்கும், கேட்டியோ. சும்மா இருக்கப் பழகினவன்தான் பக்கவாத்தியக்காரன்." நாற்பது வருஷம் பாடகர்களுக்குப் பின்னாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்னாலும் உட்கார்ந்து பார்த்த பிறகு, அவர் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை என்றே படுகிறது.

தூங்கிப்போனதாகச் சொல்லப்படும் அந்த மிழாவுக்காரர் எங்கள் பாலக்காட்டுப் பக்கத்து ஆள். பாலக்காட்டிலிருந்து ஷொரணூர் போகிற ரயிலில் ஒற்றப்பாலத்துக்கு முன்னால் லக்கிடி என்ற ஸ்டேஷன் வரும். அதை ஒட்டிய கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில், கலக்கத்து வீட்டில், 1705-ஐ ஒட்டிப் பிறந்தவர் குஞ்சன் நம்பியார். சிறுவயது இங்கே, பிறகு குடமாளூர், வாலிபம் அம்பலப்புழையில் செம்பகச்சேரி அரசரின் நிழலில். மிழாவு அவருக்குக் குலத்தொழில். ஒரு நாள் அம்பலப்புழைக் கோயிலில் கூத்து நடக்கையில் கண் அசந்துவிட்டார் என்கிறது கதை. தாளம் தப்பிவிட்டார் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியோ, சாக்கியார் பார்த்துவிட்டார். சபை நடுவே, கதையின் போக்கிலேயே, நம்பியாரை இழுத்து வைத்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். சபை குலுங்கிச் சிரித்தது.

நம்பியார் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. சாக்கியார் கூத்தின் அடிப்படை வழக்கமே அதுதான். தலையில் கூத்துக்கான அணியை வைத்துக்கொண்டு நிற்கும்வரை சாக்கியார் யாரை வேண்டுமானாலும் எதைச் சொல்லியும் கிண்டல் செய்யலாம். எதிரே அரசரே உட்கார்ந்திருந்தாலும் சரி. கேட்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. யாராவது எதிர்ப்பேச்சு பேசிவிட்டால் சாக்கியார் தலையணியைக் கழற்றி வைத்துவிடுவார். அதன்பிறகு அந்த இடத்தில் கூத்தே கிடையாது. கேலியைக் கோயில் உரிமையாக்கி, அதற்கு இப்படி ஒரு வேலியும் போட்டு வைத்த ஊர் வேறெங்காவது உண்டா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஊர்ப் பெரியமனிதரைச் சீண்டுவான்தான். ஆனால் பெரியமனிதர் எழுந்து இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்தால் அவனுக்கு அது இன்னும் கொண்டாட்டம்.

சாக்கியார் தமிழருக்கு அந்நியரும் அல்ல. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் முன்னால் கொட்டிச்சேதம் ஆடிக் காட்டுகிறவன் பறையூர்க் கூத்தச் சாக்கையன். சாக்கைக் கூத்துக்கு நிலம் விட்ட செய்தி சோழர் கல்வெட்டுகளில் இருக்கிறது. நம்மிடம் அது கல்லிலும் ஏட்டிலும் நின்றுவிட்டது. மலைக்கு மேற்கே அது பேசிக்கொண்டே இருந்தது. பேசியவர்களில் விதூஷகன் பேச்சு ரொம்பவே விசேஷம். சேர அரசன் குலசேகரவர்மன் காலத்துத் தோலன் என்ற புலவர் செய்த ஏற்பாடு என்பார்கள்: நாடகத்தில் நாயகன் சமஸ்கிருதத்தில் உருகுவான், பக்கத்திலேயே விதூஷகன் ஊர்மொழியில் அதை உரித்து எடுப்பான். அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்குக்குப் பதிலாக வினோதம், வஞ்சனை, சாப்பாடு, அரசசேவை என்று நான்கு புருஷார்த்தங்களை வைத்து நாட்கணக்கில் பேசுவான்.

இந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். கூத்தம்பலம் கோயில் மதிலுக்குள் இருக்கிறது. திருவிதாங்கூரில் 1936 வரை, மலபாரில் 1947 வரை, ஊரில் பெரும்பான்மையோருக்கு அந்த மதிலுக்குள் நுழைய அனுமதி இல்லை. நம்பியார் பட்ட அவமானம்கூட உயர்சாதிக்காரர்கள் மட்டும் அனுபவித்த விருந்து.

மறுநாள் சாக்கியார் கூத்தைத் தொடங்கிய அதே நேரத்தில், கொஞ்சம் தள்ளி, நம்பியார் வேஷம் கட்டி நின்றாராம். பாட்டும் அவரே, ஆட்டமும் அவரே, அபிநயமும் அவரே. சொன்னது புராணம், மொழி சந்தைமொழி. கூத்தம்பலத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். சாக்கியார் அரசரிடம் முறையிட, கோயிலுக்குள் இது ஆகாது என்று தடை வந்தது. துள்ளல் பிறந்த கதை இது. கேரளத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

ஒரே இரவில் ஒரு கலை பிறக்குமா என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. படையணி, கோலம் துள்ளல் என்று வெளியில் ஏற்கெனவே ஆடப்பட்டுவந்த ஆட்டங்களிலிருந்து நம்பியார் எடுத்துக் கோத்தார் என்பதுதான் அவர்கள் கணக்கு. எனக்கும் அதில் சண்டையில்லை. ஆனால் தொழில்காரனாக ஒன்று சொல்வேன். தாளம் அவர் கையில் பிறந்ததிலிருந்தே இருந்தது. சொல் நாக்கில் இருந்தது. வேஷம் ஒன்றுதான் இடிக்கிறது. ஓட்டன் துள்ளல் என்ற வகையின் மகுடமும் மணிகளும் ஒரு ராத்திரியில் ஆகிற காரியமில்லை. முதலில் ஆடியது 'கல்யாணசௌகந்திகம்' என்கிறார்கள். அது சீதங்கன் துள்ளல் என்ற இன்னொரு வகை. சீதங்கனுக்கு அணிகலன் எல்லாம் தென்னங்குருத்தோலை. குருத்தோலைப் பின்னலை எங்கள் ஊர்த் திருவிழாவில் பத்து வயதுப் பையன்கள் பேசிக்கொண்டே செய்து முடித்துவிடுவார்கள். கதை கட்டியவர் யாரானாலும் விஷயம் தெரிந்தவர்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அவர் எடுத்துக்கொண்ட கதைதான். ஊர் முன்னால் மானம் போன மனிதன், மறுநாள் மேடையேறி எதைச் சொல்லுவான்? தன்னைப் பார்த்துச் சிரித்தவனைச் சொல்லுவான். அல்லது ஒரு வீரன் பழிவாங்கிய கதையைச் சொல்லுவான். நம்பியார் எடுத்தது பீமன் மானம் போன கதை. திரௌபதி கேட்ட பூவைப் பறிக்கப் புறப்பட்ட பீமன், வழியில் ஒரு கிழக்குரங்கு படுத்திருப்பதைப் பார்க்கிறான். நகரச் சொல்கிறான். வயசாகிவிட்டது, நீயே வாலை எடுத்துப் போட்டுவிட்டுப் போ என்கிறது குரங்கு. பீமன் முதலில் ஒரு கையால் அலட்சியமாக, அப்புறம் இரண்டு கையால், அப்புறம் கதாயுதத்தைக் கொடுத்து நெம்பி, வியர்த்து வழிந்து நிற்கிறான். படுத்திருப்பது அனுமன், சொந்த அண்ணன். அவமானப்படுத்தியவன் எதிரி இல்லை, வீட்டுக்காரன்.

அதோடு நின்றாரா என்று பார்த்தால், நாற்பதுக்கும் மேல் துள்ளல் எழுதிய மனிதர் திரும்பத் திரும்ப இதே மாதிரிக் கதைகளிடம்தான் போகிறார். 'கோஷயாத்திரை'யில் துரியோதனன் தன் பவிசைக் காட்டக் காட்டுக்குப் போய், கந்தர்வர்களிடம் கட்டுண்டு, யாரிடம் காட்டப் போனானோ அந்தப் பாண்டவர்களே வந்து அவிழ்த்துவிடும்படி ஆகிறது. 'கார்த்தவீரியார்ஜுன விஜய'த்தில் ராவணன் சிறைப்படுகிறான். 'சந்தான கோபால'த்தில் அர்ஜுனன் வாய்கிழியச் சபதம் செய்துவிட்டு ஒரு பிராமணரின் பிள்ளையைக் காக்கமுடியாமல் கையைப் பிசைகிறான். 'ஸ்யமந்தக'த்தில் கிருஷ்ணனுக்கே திருட்டுப் பட்டம். 'சபாப்பிரவேசம்' என்ற பறையன் துள்ளலில் துரியோதனன் மயன் கட்டிய மண்டபத்துக்குள் நுழைகிறான். தரையைத் தண்ணீர் என்று நினைத்துத் துணியைத் தூக்குகிறான். தண்ணீரைத் தரை என்று நினைத்துத் தொபுக்கென்று விழுகிறான். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பை அவனால் விழுங்க முடியவில்லை. பதினெட்டு அக்ஷௌகிணி செத்தது. அம்பலப்புழைச் சிரிப்பை விழுங்கின மிழாவுக்காரர் அதையே ஆட்டமாக்கி, துரியோதனனையும் அதில் விழவைத்து, காசும் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரில் யார் கெட்டிக்காரர் என்று மகாபாரதம் படித்தவர்கள் யோசிக்கட்டும்.

அவர் துள்ளலில் தேவலோகம், அயோத்தி, அஸ்தினாபுரம் எல்லாமே கேரளத்து ஊர்கள். தேவர்கள் வாழையிலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். படைவீரர்கள் நாயர்கள். பசியோடு வீட்டுக்கு வரும் நாயர் ஒருவரை மலையாளிகள் யாரும் மறந்ததில்லை. கஞ்சிக்கு அரிசிகூடப் போடவில்லை. கண்ணில் பட்ட பாத்திரத்தையெல்லாம் உடைக்கிறார், உரலை இழுத்துக் கிணற்றில் தள்ளுகிறார். அப்படியும் ஆத்திரம் தீராமல் வீட்டையே சுற்றிச் சுற்றி ஓடுகிறார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களும் வாளேந்திய நாயர்கள்தான். சாமானிய வீரர்கள் கேட்கிற சபைக்குச் சமஸ்கிருதம் எதற்கு, எளிய மலையாளம்தான் சரி என்று நம்பியாரே தம் பாட்டில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குப் புரியும்படி அவர்களையே கிண்டல் செய்தார். அவர்களும் எழுந்துபோகவில்லை.

செம்பகச்சேரியை மார்த்தாண்டவர்மா 1746-ல் எடுத்துக்கொண்டார். 1748-ல் நம்பியார் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டார். அரசவை வாழ்க்கை பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பாயசக் கதை ஒன்று. அரசர் பால்பாயசத்தை வாயில் வைத்துவிட்டு, கசக்கிறதே என்று முகத்தைச் சுளித்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் கசக்கிறது என்று இலையைத் தள்ளினார்கள். நம்பியார் மட்டும் வழித்து வழித்துச் சாப்பிட்டார். என்னய்யா, உமக்குக் கசக்கவில்லையா? கசக்கிறது மகாராஜா, எனக்கு இந்தக் கசப்புதான் பிடிக்கும். கடைசிக் காலத்தில் அம்பலப்புழைக்கே திரும்பி, 1770-ல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த மிழாவு என்று ஒன்றை அந்தக் கோயிலில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வருவதில்லை. நான் பிறந்தது கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு கிராமம். வீட்டில் கொங்குத் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம். மாசி மாதம் சிற்றூர் பகவதி கோயிலில் கொங்கன் படை என்று ஒரு திருவிழா நடக்கும். கொங்கு அரசன் படையெடுத்து வந்ததையும், பகவதி அவனை முறியடித்ததையும் நடித்துக் காட்டுவார்கள். எங்கள் முப்பாட்டன்மார் வந்த திசையிலிருந்து வந்த படை. நாங்கள் மாட்டுவண்டி கட்டிப் போய், பொரி வாங்கித் தின்றுகொண்டு, எங்கள் ஆள் தோற்பதை வருஷாவருஷம் பார்த்துவிட்டு வருவோம். "ஒருவாட்டியாச்சும் கொங்கன் செயிச்சா என்னங்கப்பா?" என்று என் அண்ணன் கேட்டான். "செயிச்சுப்போட்டா அடுத்த வருசம் நோம்பி ஏதுடா?" என்றார் அப்பா.

ஆலத்தூர், சிற்றூர் பக்கத்துத் தேசங்களில் விஷுவுக்குப் பின்னே கண்ணியார்களி ஆடுவார்கள். நடுநடுவே பொறாட்டு வரும், அது முழுக்க வேடிக்கை. பாணர் சமூகத்தார் தனியாகவே ஆடும் பொறாட்டு நாடகம் விடியவிடிய நடக்கும். புருஷன் பெண்டாட்டி வேஷங்கள் ஜோடி ஜோடியாக வந்து வீட்டுச் சண்டையை வீதியில் போட்டு உடைக்கும். சோத்யக்காரன் என்று ஒருவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக் கேட்டே அவர்கள் மறைத்ததையெல்லாம் கக்கவைப்பார். பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்தே கிடக்கும். என் பாட்டிக்குச் சாமிகும்பிடவே நேரம் இருக்காது. பொறாட்டு என்றால் முதல் ஆளாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

தூக்கத்தைப் பற்றிப் பேசும்போது தோல்பாவைக் கூத்தை விட முடியாது. பாரதப்புழைக் கரையோரப் பகவதி கோயில்களில் கூத்துமாடம் கட்டி, கம்பராமாயணத்தைத் தமிழிலேயே பாடி, தோல் பாவைகளை நிழலாட்டுகிறார்கள். சில கோயில்களில் இருபத்தொரு ராத்திரி. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல்போன பகவதிக்காக ஆடுவதாக ஐதீகம். நடுநிசி தாண்டினால் எதிரே மனிதர் யாரும் இல்லாத ராத்திரிகளும் உண்டு. புலவர்கள் பாட்டுக்குக் கம்பனுக்கு உரை சொல்லி, தங்களுக்குள்ளேயே கேள்வி கேட்டு, தாங்களே பதிலும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் போன்றவர்கள் காத்துக் கொடுத்த கலை. அங்கே சபைதான் தூங்குகிறது. யாரும் யாரையும் கேலி செய்வதில்லை.

வேலை எனக்கு இடுக்கியில் கிடைத்தது. மறையூரில், தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியார். 1957-ல் தொடங்கிய பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தின் ஜுரம் சந்தனக்காட்டுக்குள்ளும் எட்டியிருந்தது. கரும்பு வெட்டுகிறவர் மகன் ஒருவன் ஓட்டன் துள்ளல் ஆடியே தீருவேன் என்று நின்றான். மலையாள வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு உருப்போட்டான். வேஷம் வாடகைக்கு வந்தது, பெரியவர் அளவில். உபஜில்லாப் போட்டியில் மூன்றாவது துள்ளலிலேயே மகுடம் கழன்று முன்னால் விழுந்து உருண்டது. பின்பாட்டுக்காரப் பையன் வாயை மூடிவிட்டான். நான் மத்தளத்தை நிறுத்தவில்லை. ஆடினவன் தாளம் தப்பாமல் குனிந்து மகுடத்தை எடுத்தான், சுற்றிப் பார்த்தான், "பெருசா இருக்குன்னு அன்னிக்கே சொன்னேன், கேட்டாங்களா?" என்று துள்ளல் மெட்டிலேயே பாடினான். கொட்டகை அதிர்ந்துபோயிற்று. நடுவர்களும் சிரித்தார்கள். பிறகு கிரேடு குறைந்தது. மகுடம் விழுந்ததற்கில்லையாம், மூலத்தில் இல்லாத வரி, அதுவும் தமிழ் வரி. "சார், சிரிச்சதுக்கு மார்க்கு இல்லீங்களா?" என்று கேட்டான். குஞ்சன் நம்பியாரே அன்றைக்குப் போட்டிக்கு வந்திருந்தாலும் அதே கிரேடுதான் கிடைத்திருக்கும் என்று நான் சொன்னேன். பையனுக்கு அது ஆறுதலாக இல்லை.

ஓய்வுக்குப் பிறகு லக்கிடிப் பக்கம் அடிக்கடி போகிறேன். குஞ்சன் ஸ்மாரகம் அங்கே இருக்கிறது. விஜயதசமியன்று குழந்தைகளை எழுத்துக்கு உட்காரவைக்கக் கூட்டம் நெரியும். ஆற்றுக்கு அக்கரையில் திருவில்வாமலை, 'பய்யன் கதைக'ளுக்காக 1982-ல் சாகித்ய அகாதமி வாங்கிய நையாண்டி எழுத்தாளர் வி.கே.என். ஊர். ஆற்றுத் தண்ணீரில்தான் ஏதோ இருக்கவேண்டும்.

அதே கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில்தான் 20-ஆம் நூற்றாண்டின் பெரிய சாக்கியாரும் வாழ்ந்தார். மாணி மாதவ சாக்கியார், 1899-ல் பிறந்து 1990 வரை இருந்தவர். 1949-ல் வானொலிக்காகக் கூத்து நடத்தினார். சாக்கியார்கள் ஆடும் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தைக் கோயில் மதிலுக்கு வெளியே முதன்முதலாக 1955-ல் ஆடியதும் அவர் தலைமையில்தான், இந்தக் கிராமத்திலேயேதான். மதிலுக்கு உள்ளேயே இருக்கவேண்டியதை வெளியே கொண்டுவந்தார் என்று சொந்தக்காரர்களே முகம் திருப்பினார்கள். நம்பியார் வெளியே வந்து இருநூறு வருஷம் கழித்து, நம்பியார் ஊரில், சாக்கியாரும் வெளியே வந்தார். 1962-ல் சமஸ்கிருத அறிஞர் டாக்டர் வே. ராகவன் அழைத்து, சென்னையிலும் அவர் குழு ஆடியது.

இதில் ஒரு குடும்ப விஷயம் இருக்கிறது. அந்தக் குலங்களில் வாரிசு தாய்வழி. சாக்கியார் நங்கியாரை மணந்தால் பிறக்கும் பிள்ளை நம்பியார். கூத்தம்பலத்தில் முன்னால் நின்று பேசுகிறவருக்குப் பின்னால் மிழாவில் உட்கார்ந்திருப்பவர் பல சமயம் அவர் பெற்ற மகன்தான். அம்பலப்புழையில் நடந்த அந்தக் கேலியும் ஊரார் நினைக்கிற அளவுக்கு ஊரார் கேலி இல்லை, உறவுக்குள் நடக்கும் கேலி என்று இது தெரிந்த பிறகு எனக்குத் தோன்றியது. மாதவ சாக்கியாரின் மகன் பி.கே. நாராயணன் நம்பியார் அப்பாவின் மேடைகளில் மிழாவு வாசித்தவர். கலாமண்டலத்தில் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்து, 2008-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார்.

லக்கிடியில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், இரண்டு பேர் கூத்தையும் சிறுவயதில் பார்த்தவர், இதையெல்லாம் எனக்கு எடுத்துச் சொன்னார். மகன் எப்போதாவது மிழாவு மேலே கண்ணயர்ந்ததுண்டா என்று கேட்டேன்.

"அப்பன் முன்னால நிக்கறப்போ எவன் தூங்குவான்?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பன்தான் பின்னாலே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்" என்றார்.